அம்மாயி தொட்டால் திறக்காத திரை

மே மாதக் கடைசி. வால்பாறையில் மழை பிடித்துவிட்டது. லைன் வீடுகளில் மாலை ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகள் கொடுத்தனுப்பிய டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஓர் அம்மாயி. பெயர் எதற்கு? இவரைப் போல ஒருவராவது இல்லாத எஸ்டேட் அந்த மலையில் இருக்காது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த கை. எழுத்துக்கூட்டிப் படிப்பார், கையெழுத்துப் போடுவார். மகன் இன்னும் தோட்டத்தில் வேலையில் இருப்பதால் அந்த லைன் வீட்டிலேயே தங்க முடிகிறது.

லீவுக்கு வந்த பேத்தி பக்கத்தில். "தொட்டாப் போதும் அம்மாயி, அமுத்த வேண்டாம்."

தொடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தொடுகிறார். அப்புறம் அழுத்துகிறார். பேத்தி பட்டும் படாமல் தொட்டதும் திறந்துகொள்கிறது.

"உன்னையத்தான் கண்ணு இதுக்குப் புடிச்சிருக்கு. என்னையப் புடிக்கல."

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் வயதானவர்கள் பலர் டேப்லெட்டை முதல் நாளே மூடி வைத்துவிடுவது இந்த இடத்தில்தான். 'நமக்கு இதெல்லாம் வராது' என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார்கள். பழி அவர்கள் மேல் இல்லை, தோல் மேல்.

இன்றைய போன், டேப்லெட் திரைகள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று பரவியிருக்கிறது. நம் உடம்பில் ஈரமும் உப்பும் இருப்பதால் அது மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும். விரல் பட்ட இடத்தில் அந்த மின்புலம் லேசாக மாறுகிறது, அதை வைத்துத்தான் 'இங்கே தொட்டார்கள்' என்று கருவி கண்டுபிடிக்கிறது. இந்த முறையை 1965-லேயே இங்கிலாந்தில் ஜான்சன் என்ற பொறியாளர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக விளக்கி எழுதினார். அவர் மனதில் இருந்த விரல்கள் வேறு. வருஷக்கணக்காகக் கொழுந்து கிள்ளி, தேயிலைக் கறை ஏறி, வெடித்து, காய்த்துப்போன விரல் நுனியில் ஈரம் குறைவு. நகத்தால் தொட்டால் சுத்தமாக வேலை செய்யாது. தீப்பெட்டியைத் தட்டுவது போல நகம் முன்னால் வரத் தொடும் பழக்கம் பெரியவர்கள் பலருக்கு உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக 'ஆகாஷ்' என்று மலிவு விலை டேப்லெட் ஒன்றை வெளியிட்டது நினைவிருக்கலாம். அதன் முதல் பதிப்பில் இருந்தது பழைய வகைத் திரை. நன்றாக அழுத்தினால்தான் கேட்கும். கல்லூரிப் பிள்ளைகள் 'இது என்ன, குத்து குத்து என்று குத்த வேண்டியிருக்கிறது' என்று சலித்துக்கொண்டார்கள். அந்தத் திரை அம்மாயிக்கு முதல் தடவையிலேயே திறந்திருக்கும்!

சரி, இப்போது என்ன செய்வது? பேத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஈரத்துணியில் விரலை ஒற்றிக்கொண்டு, நுனியை விட்டுவிட்டு, கைநாட்டு வைப்பது போல விரலின் சதைப்பகுதியால் தொடச் சொன்னாள். திறந்தது. கைக்கு வாசலின் தடவிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. சில கருவிகளின் அமைப்புகளில் தொடுதல் உணர்வைக் கூட்டும் வசதியும் இருக்கிறது.

'அமைப்புகள்' என்றதும் இன்னொரு சங்கடம். டேப்லெட்டைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் புரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அம்மாயி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அமைப்புன்னா யூனியனா?" என்று கேட்டார். தோட்டத்தில் அமைப்பு என்றால் தொழிற்சங்கம்தானே! தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் போதாது, அது அவர்கள் வாயில் புழங்கும் தமிழாகவும் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு செய்தவர்கள் ஒரு தடவை எஸ்டேட் பக்கம் வந்துவிட்டுப் போயிருக்கலாம். பேத்தி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பச்சையில் போன் படம் போட்டது அம்மா பேசுறது, சிவப்பில் முக்கோணம் போட்டது பாட்டு, அவ்வளவுதான். முகப்பில் அந்த இரண்டையும் இன்னும் மூன்றையும் மட்டும் வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாள். கையைத் திருப்பினால் படமும் திரும்பிக்கொள்வது அம்மாயிக்குத் தலை சுற்றியது. அதையும் பூட்டினாள்.

அடுத்த குழப்பம், திரை தானாக அணைவது. வெந்நீர் இறக்கிவிட்டு வந்து பார்த்தால் கறுப்பாக இருக்கிறது. "நான் ஒண்ணும் பண்ணல சாமி!" என்று பதறிவிட்டார். எந்தப் பொருளையும் உடைத்துவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பழகிய தலைமுறை அது. தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டால் பொருள் கெட்டுப்போகும், பணம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இயல்பு. பிள்ளைகள் அவசரத்தில் கருவியைப் பிடுங்கி, தாங்களே செய்துகாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பயம் கூடத்தான் செய்யும். பேத்தி அன்றைக்குச் செய்த நல்ல காரியம், தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொன்னது. மூன்று நாள் பிடித்தது. மூன்றாம் நாள் அம்மாயி தானாக மகளைக் கூப்பிட்டார்.

திண்ணையின் ஒரு மூலையில் நின்றால்தான் சிக்னல். மகள் முகம் தெரிந்ததும் அம்மாயி முதலில் கேட்டது, "ஏன் இப்படி எளைச்சுப் போயிட்ட?" போனில் இத்தனை வருஷம் 'நல்லாருக்கேம்மா' என்று சொல்லித் தப்பித்த மகளால் அன்று தப்பிக்க முடியவில்லை. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, பொள்ளாச்சி தாண்டி, திருப்பூர் போய்ச் சேர ஒரு பகல் போய்விடும். தோட்ட வேலை வேண்டாமென்று பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்ட மலை அது. பெரியவர்கள் மேலேயே இருக்கிறார்கள். டேப்லெட்டில் எத்தனையோ இருக்கலாம், அவர்கள் கற்றுக்கொள்வது இந்த ஒன்றுக்காகத்தான்.

தட்டச்சு செய்ய வராதே என்ற கவலைக்கும் இப்போது இடமில்லை. தமிழில் விரலால் எழுதினால் எழுத்தாக மாற்றும் வசதியை கூகுள் 2015-ல் கொண்டுவந்தது. 2017 ஆகஸ்டிலிருந்து தமிழில் பேசியே எழுதலாம். விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டுவிட்டுச் சொன்னால் போதும். அம்மாயியின் பேச்சு அதற்குச் சில சமயம் புரியாது. இரண்டு தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணி கூட்டிவந்த குடும்பம், சுற்றிலும் கொங்குப் பேச்சு, பக்கத்து லைனில் மலையாளம். இந்தக் கலவையைப் புரிந்துகொள்ளக் கருவிக்குக் கொஞ்சம் நாளாகும். நிறுத்திச் சொன்னால் பரவாயில்லாமல் எழுதுகிறது.

இதையெல்லாம் பார்த்து, மலையில் இருக்கும் பெரியவர்களுக்குக் கருவி என்றாலே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு விஷயத்தில் வால்பாறைக்காரர்கள் நகரத்துக்கே முன்னோடி. யானை விஷயத்தில்.

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். நடுவில் தேயிலை, சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். யானைக் கூட்டங்கள் தோட்டத்தின் வழியாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும். ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் அரிசிக்காக உடைத்த கதை எல்லா எஸ்டேட்டிலும் உண்டு. உயிர்ப்பலிகளை ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது: இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே யானை இருப்பதே தெரியாது. இருட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி லைனுக்கு நடந்திருப்பார்கள், திருப்பத்தில் நேருக்கு நேர் மாட்டியிருப்பார்கள்.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து இதற்கு வழி செய்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்று தினமும் பார்த்து, மாலையில் உள்ளூர் கேபிள் டிவியில் அடியில் ஓடும் வரியாகப் போட்டார்கள். பிறகு கைபேசிக்குக் குறுஞ்செய்தி. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் பேசும் அழைப்பு. முக்கியமான இடங்களில் உயரத்தில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் விளக்கு எரியும். அந்த எண் உள்ளூர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது. தூரத்திலேயே சிவப்பைப் பார்த்துவிட்டால் அந்தப் பக்கம் யானை, ஜாக்கிரதை என்று அர்த்தம். இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் லண்டனில் 'விட்லி' விருது கொடுத்தார்கள்.

அந்த விளக்கைப் புரிந்துகொள்ள யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. அம்மாயிக்கு அது என்ன சிம், என்ன சர்க்யூட் என்று தெரியாது. எரிந்தால் நின்றுவிட வேண்டும் என்று தெரியும். இன்னொருவர் பயன்படுத்த வேண்டிய பொருளைச் செய்கிறவர்கள், அவருக்கு எது உயிர்போகும் விஷயம் என்று முதலில் கேட்டால் இப்படித்தான் வரும். டேப்லெட்டைச் செய்தவர்கள் அதை அம்மாயியிடம் கேட்கவில்லை. ஆகவே வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்டால் என்ன வரும்? அம்மாயி விஷயத்தில் வந்தது பென்ஷன்.

தோட்டத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதியிலிருந்து வரும் பென்ஷன் பெரிய தொகை இல்லை. 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். ஆனால் அது அவர் பெயரில் வருகிற பணம், மருந்துக்கு மகனிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அதற்கு வருஷத்துக்கு ஒரு தடவை 'உயிரோடு இருக்கிறேன்' என்று சான்று கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் பணம் நின்றுபோகும். 2014 நவம்பரில் வந்த 'ஜீவன் பிரமாண்' திட்டத்தில் இதை ஆதாரை வைத்து, கைரேகை பதித்துக் கொடுக்கலாம் என்றார்கள். எந்த விரல்? திரைக்குத் தெரியாமல் போன அதே விரல். தேயிலை தேய்த்த ரேகை. ஒவ்வொரு விரலாக வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, 'நாளைக்கு வாங்கம்மா' என்று கேட்டுத் திரும்பியவர்கள் கொஞ்சமல்ல. உடலுழைப்பில் தேய்ந்த கைகளுக்கு நாடு முழுக்க இதே கதைதான்.

2021 நவம்பரில் முகத்தை வைத்தே சான்று கொடுக்கும் வசதி வந்தது. ஆண்ட்ராய்டு போன் அல்லது டேப்லெட்டில் ஜீவன் பிரமாண் செயலியும், ஆதார் முக அடையாளச் செயலியும் வேண்டும். ஆதார் எண், பென்ஷன் ஆணை எண், கைபேசி எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கேமராவைப் பார்த்துக் கண்ணை இமைத்தால் வேலை முடிந்தது, சான்றின் எண் குறுஞ்செய்தியாக வந்துவிடும். வைப்பு நிதி பென்ஷன்காரர்கள் நவம்பருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. எந்த மாதத்தில் கொடுத்தாலும் அன்றிலிருந்து 12 மாதம் செல்லும். வீட்டில் கருவி இல்லையென்றால் தபால்காரரிடம் சொல்லலாம். 2020-லிருந்து வீட்டுக்கே வந்து செய்துகொடுக்கிறார்கள்.

லைன் வீட்டுக்குள் வெளிச்சம் பற்றாது. பேத்தி அம்மாயியை வாசலில் நிறுத்தினாள். மழை விட்டிருந்தது. முதல் தடவை வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலையில் போர்த்தியிருந்த துண்டை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கண்ணை மூடித் தெறங்க அம்மாயி."

மூடித் திறந்தார். பச்சையாக ஒரு வட்டம் வந்தது.

"அவ்வளவுதானா? நான் உசுரோட இருக்கேன்னு ஒத்துக்கிடுச்சா?"

ஒப்புக்கொண்டுவிட்டது. இதற்குள் பேத்தி இன்னொரு பாடத்தையும் சொல்லி வைத்திருந்தாள். பென்ஷன் ஆபீஸ், போலீஸ், பேங்க் என்று யார் போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. எண் கேட்டாலும் சொல்லக்கூடாது. வீடியோவில் காக்கிச் சட்டையோடு வந்து 'உங்களைக் கைது செய்திருக்கிறோம்' என்றால் பேசாமல் அணைத்துவிட வேண்டும், சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும். அந்த எண்ணைக் கரியால் சுவரில் எழுதியும் வைத்துவிட்டாள். அம்மாயி கேட்ட ஒரே சந்தேகம், "காக்கிச் சட்டை நெசமான போலீஸா இருந்தா?" நெசமான போலீஸ் என்றால் லைனுக்கு நேரில் வரட்டும் என்று பதில் சொன்னாள் பேத்தி.

லீவு முடிந்து அவள் கீழே இறங்கிவிட்டாள. டேப்லெட் இப்போது பழைய சேலைத் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்குள், ஈரம் படாமல் இருக்கிறது. தினமும் ராத்திரி ஏழரைக்கு வெளியே வரும். விரலை ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டு அம்மாயி திண்ணை மூலைக்குப் போகிறார். நேற்று மகளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மகனுடைய போனுக்கு யானைச் செய்தி வந்தது. பக்கத்து எஸ்டேட் பேரைச் சொன்னார்கள்.

"இரு கண்ணு, வெச்சுடாத" என்று டேப்லெட்டைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.