தாத்தா படத்துக்கு மாலை, பாட்டிக்கு என்ன?

எங்கள் தாத்தா இறந்து ஓராண்டு ஆகிறது. காஞ்சீபுரம் வீட்டுக் கூடத்தில் அவர் படத்தை மாட்டியிருக்கிறோம். சந்தன மாலை போட்டிருக்கிறோம். திதி கொடுக்க ஏற்பாடு நடக்கிறது.

இறந்தவரை நினைப்பது என்றால் இதுதான் என்று எல்லோரும் எண்ணுகிறோம். இது போதுமா? போதாது என்கிறேன் நான். ஏன் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

தறியில் இரண்டு பேர்

தாத்தா பட்டுத் தறி நெய்தவர். பட்டுச் சேலையில் "கோர்வை" என்று ஒரு வேலை உண்டு. சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகிற காரியம் அல்ல. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடாவை எறிந்து கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர், பாட்டிதான்!

அடுப்பு வேலை முடிந்ததும் பாட்டி தறிக்கு வந்துவிடுவாள். தார் சுற்றுவதும் அவள்தான். அறுந்த இழையைப் பிணைப்பதும் அவள்தான். சேலையைக் கொடுத்துக் கூலி வாங்கி வருவது தாத்தா. அந்தப் பணத்தை அப்படியே பாட்டி கையில் கொடுப்பார். "இந்தா, நம் இரண்டு பேர் கூலி" என்பார்.

அந்தக் கூலியில்தான் இரண்டு மகன்களும் ஒரு மகளும் படித்தார்கள். ஓட்டு வீடும் வந்தது. பத்திரம் மட்டும் தாத்தா பெயரில் இருந்தது.

தாத்தா இரண்டாம் வகுப்போடு நின்றவர். செய்தித்தாளை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தெரியாத எழுத்தை என்னிடம் கேட்பார். அப்போது எனக்கு 8 வயது. பேரனிடம் கேட்க அவர் வெட்கப்பட்டதே இல்லை. "தெரியாததைக் கேட்டால் ஒரு நாள் வெட்கம். கேட்காவிட்டால் ஆயுசுக்கும் வெட்கம்" என்பார்.

பதினாறாம் நாள்

கருமாதி முடிந்தது. உறவினர்கள் ஊருக்குப் போனார்கள். அன்று மாலையே பேச்சு எழுந்தது.

"வீட்டை விற்றுவிடலாம். ஆளுக்குப் பாதி. அம்மா ஒரு மாதம் உன் வீட்டில் இருக்கட்டும். ஒரு மாதம் என் வீட்டில் இருக்கட்டும். அம்மாவிடமும் தங்கச்சியிடமும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம்."

இப்படிப் பேசியவர்கள் கெட்டவர்கள் அல்ல. என் அப்பாவும் சித்தப்பாவும்தான். தாத்தாவின் உடலைக் கட்டிக்கொண்டு கதறி அழுதவர்கள்தான். இருவருக்கும் வெளியூரில் வேலை. வாடகை வீடு. கடன்.

பாட்டி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை நினைத்து இன்றும் தலை குனிகிறேன்.

அத்தைதான் கேட்டாள்: "அண்ணா, அப்பா இத்தனை வருஷம் தறியில் தனியாகவா உட்கார்ந்தார்?"

யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு பாட்டி வாய் திறந்தாள்.

"எனக்குப் பணம் வேண்டாமடா. அவர் உட்கார்ந்த தறி இருக்கிற வீட்டில் நான் இருக்கிறேன். மாதம் பிறந்தால் மூட்டை கட்ட என்னால் ஆகாது."

அப்பா அழுதுவிட்டார். வீடு விற்கப்படவில்லை. மாதா மாதம் மாறுவது இப்போது பாட்டி அல்ல. மகன்கள்தான் மாறி மாறி வந்து தங்கிப் போகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறகுதான் சட்டத்தை விசாரித்தோம். "ஆளுக்குப் பாதி" என்ற கணக்கே தவறு!

1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது: உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. தாத்தாவின் தாய் முன்பே காலமாகிவிட்டார். ஆகவே எங்கள் வீட்டுக் கணக்கு நான்கு பங்கு. அதில் ஒன்று பாட்டியுடையது. ஒன்று அத்தையுடையது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. முஸ்லிம் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு.

2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெற்றோரைக் காப்பாற்றும் கடமை பிள்ளைகளுக்கு உண்டு. வயது வந்த பேரன், பேத்திகளையும் அந்தச் சட்டம் சேர்த்தே சொல்கிறது. தவறினால், கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

தாய்மார்களே! என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பத்திரத்திலும் கைநாட்டு வைக்காதீர்கள். பேரப் பிள்ளைகளே! பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் நீங்கள் படித்துச் சொல்லுங்கள்.

வீட்டை விற்றே தீர வேண்டிய குடும்பங்களும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. விற்கட்டும். ஆனால் முதலில் அம்மாவைக் கேட்கட்டும். அவள் பங்கை அவள் பெயரில் போடட்டும்.

எது படையல்?

இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது நம் வழக்கம். தாத்தாவுக்கு உளுந்து வடை பிடிக்கும். அதைச் செய்வோம். ஆனால் அவர் எந்த நாளும் "நீ சாப்பிட்டாயா?" என்று பாட்டியைக் கேட்காமல் சோற்றில் கை வைத்ததில்லை. வடை சுடுவது எளிது. அந்தக் கேள்வியை யார் கேட்பது?

உங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு படம் தொங்கலாம். அதைக் கும்பிட்டுவிட்டு, சற்றுத் திரும்பிப் பாருங்கள். பாட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "சாப்பிட்டாயா பாட்டி?" என்று கேளுங்கள். தாத்தா கேட்டது போலவே கேளுங்கள்.