மாருதி 800-க்குப் பேரீச்சம்பழமா?

திருட்டு வண்டி விஷயமாக ஒரு தகவல் கேட்கப் போன வாரம் புதுப்பேட்டைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு காரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை நிற மாருதி 800!

முதலில் கதவுகள் போயின. அப்புறம் சீட், ரேடியேட்டர். இன்ஜினை மட்டும் பத்திரமாக ஓரம் கட்டினார்கள். "இது ஆம்னி வேனுக்குப் போகும் சார். ரெண்டுக்கும் ஒரே இன்ஜின்தான்" என்றார் கடைக்காரர்.

வண்டிக்குச் சொந்தக்காரர் தள்ளி நின்றார். குரோம்பேட்டைக்காரர். ரிட்டயர்டு கிளார்க். 2005-ல் பி.எப். பணத்தில் வாங்கினாராம். வண்டி ஓடவில்லையா என்றால், அதுதான் இல்லை. அன்று காலை அவரே ஓட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார்!

"பின்னே ஏன் சார்?"

"கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி."

பத்தாயிரம் கணக்கு

போட்டுப் பார்த்தேன். 15 வயது முடிந்த காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 600 ரூபாய் இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதமானால் மாதம் 500 தண்டம். பசுமை வரி தனி. அடித்தகட்டில் துரு பிடித்திருந்தால் வெல்டிங் கூலி தனி.

புதுப்பேட்டையில் அந்த வண்டிக்குப் பேசிய விலை 20 ஆயிரம். அதைக் காப்பாற்ற 10 ஆயிரம் கட்ட எந்தக் குமாஸ்தாவுக்கு மனசு வரும்?

இதே வயதுள்ள, இங்கேயே செய்த பெரிய சொகுசுக் காருக்கும் அதே 10,000தான். அவருக்கு அது ஒரு முறை சர்வீசுக்கு விடுகிற காசு. இவருக்கு வண்டியின் பாதி விலை. ஏழை வீட்டுக் கார் சாலையில் அருகிப் போவதற்கு வேறு மர்மம் எதுவும் தேட வேண்டாம்.

1983 டிசம்பரில் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தபோது விலை சுமார் 50 ஆயிரம். நம் நாட்டில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றது. 2010 ஏப்ரலில் புதிய புகை விதி (பி.எஸ்.4) வந்ததும் சென்னை உள்பட 13 நகரங்களில் விற்பனையை நிறுத்தினார்கள். 2014-ல் தயாரிப்பே நின்றது. ஆக, சென்னையில் புதுசாக விற்ற கடைசி 800-க்கும் 2025-ல் 15 வயது முடிந்துவிட்டது. மிச்சம் இருந்ததில் பலவற்றை 2015 டிசம்பர் வெள்ளம் குடித்தது. பழைய வண்டிக்குப் பெரும்பாலும் 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ்தானே? வெள்ளத்துக்கு அதில் சல்லிக்காசு கிடைக்காது.

50 வயது வேண்டுமாம்!

'விண்டேஜ்' என்று பதிந்து காப்பாற்றலாமே என்பீர்கள். 2021 விதிப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும். முதல் மாருதியே 2033 வரை காத்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000. அதிலும் தினசரி ஓட்டத் தடை! வண்டலூர் பக்கம் 1961 முதல் கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை இன்று பழைய கார் ஊர்வலத்தில்தான் பார்க்க முடிகிறது. 800-க்கும் அதே கதிதான் வரும் போலிருக்கிறது.

புகை கக்குகிற வண்டியை ஓட விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2000-க்கு முந்திய கார்புரேட்டர் வண்டிகள் சில, பின்னால் போகிறவரை இருமவைக்கின்றன. ஏர்பேக்கும் கிடையாது. ஆனால் புகையைச் சோதியுங்கள், பிரேக்கைச் சோதியுங்கள். தேறினால் பழைய 600 ரூபாயை வாங்கிக்கொண்டு விடுங்கள். பிறந்த வருஷத்தைப் பார்த்துத் தண்டம் போடுவது என்ன நியாயம்?

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி. புத்தகத்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யாமல் விடாதீர்கள். உங்கள் நம்பரில் வேறு வண்டி ஓடும். போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

குரோம்பேட்டைக்காரரிடமும் இதைச் சொன்னேன். தலையாட்டினார். நம்பர் பிளேட் இரண்டையும் கேட்டு வாங்கிப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்தார். மின்சார ரயில் பிடிக்க எழும்பூர் பக்கம் நடந்தார்.