நாற்பதைக் கடந்தபின் பியானோ: செலவா, சேமிப்பா?

இசை வகுப்புகள் நடைபெறும் எந்த நகரத்திற்குச் சென்றாலும் ஒரே காட்சியைக் காணலாம். உள்ளே பிள்ளைகள் பியானோ பழகுகின்றனர். வெளியே பெற்றோர் நாற்காலிகளில் அமர்ந்து காத்திருக்கின்றனர். கட்டணம் செலுத்துபவரும், அழைத்து வருபவரும், வீட்டில் "பழகினாயா?" என்று நாள்தோறும் கேட்பவரும் அவர்களே. அந்த இசையின்மீது முதலில் ஆசை கொண்டவரும் பல வீடுகளில் அவர்களாகவே இருக்கக்கூடும். ஆயினும், "நீங்களும் பழகலாமே" என்று யாரேனும் சொன்னால், "இந்த வயதில் நமக்கெதற்கு?" என்பதே பதிலாக வருகிறது.

அந்தப் பதில் அடக்கத்தைப்போல் ஒலித்தாலும் அதனுள் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்குச் செய்வது முதலீடு, நமக்குச் செய்துகொள்வது வீண்செலவு என்பதே அக்கணக்கு. வரவு செலவுகளையே தொழிலாகக் கொண்ட வங்கிப் பணியாளர்களாகிய நாங்கள், இந்தக் கணக்கில் பிழை இருப்பதாகக் கருதுகிறோம். நாற்பதைக் கடந்தபின் ஒருவர் பியானோ பழகத் தொடங்குவது அறிவுடைய செயலே. ஆனால் அதில் எதற்குப் பணம் செலவிட வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம் என்பதில் மட்டும் தெளிவு வேண்டும்.

முதலில், "வயதானால் மூளையில் ஏறாது" என்னும் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். இதை மறுக்கத் தொலைவிற்குச் செல்ல வேண்டியதில்லை. வங்கிக் கிளைகளே சான்று. தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டிலும் கனத்த பேரேடுகள் மறைந்து கணினிகள் வந்தன. இருபது, முப்பது ஆண்டுகள் பேனாவால் பதிவெழுதிய ஊழியர்கள், ஐம்பது வயதிற்குமேல் விசைப்பலகையைத் தொட்டு, புதிய முறையைக் கற்று, ஓய்வு பெறும்வரை அதிலேயே பணியாற்றினர். வாடிக்கையாளர்களும் அவ்வாறே கற்றனர். 2016ஆம் ஆண்டில் யூபிஐ அறிமுகமானபோது தயங்கி நின்ற முதியோர் பலர், இன்று காய்கறிக் கடையில் கைப்பேசியை நீட்டிப் பணம் செலுத்துகின்றனர். தேவை ஏற்பட்டதும் கற்றுக்கொண்ட அதே மூளைதான், விருப்பம் ஏற்படும்போது கற்காது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இதில் மறைக்கக்கூடாத உண்மையும் உண்டு. குழந்தைப் பருவத்தில் தொடங்குவோருக்குச் சில பேறுகள் எளிதாக வாய்க்கின்றன. ஒரு சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில், துணையேதும் இன்றி அதன் பெயரைச் சொல்லும் ஆற்றல் பெரும்பாலும் இளமையிலேயே அமைகிறது. விரல்களின் நெகிழ்ச்சியும் வேகமும் அப்படியே. நாற்பத்தைந்தில் தொடங்குபவர் உலக மேடைகளில் வாசிக்கும் கலைஞராவார் என்று எவரேனும் உறுதி கூறினால், அவரிடம் பணம் கொடுக்கும் முன் நன்கு யோசிக்க வேண்டும். ஆனால் வங்கியில் சேமிப்பவர் எல்லாரும் கோடீசுவரர் ஆவதற்காகச் சேமிப்பதில்லை. தமக்குப் பிடித்த நான்கு பாடல்களைத் தம் கையால், தம் வீட்டில், பிழையின்றி வாசிப்பது என்பதே ஒரு முழுமையான இலக்கு. அது வளர்ந்தவர்களால் எட்டக்கூடிய இலக்கும்கூட.

வளர்ந்தபின் தொடங்குவோருக்குப் பியானோ உகந்த கருவி என்பதற்குக் காரணம் உண்டு. வயலினில் சரியான சுரத்தை விரல் கண்டடையவே நெடுநாள் ஆகும். பியானோவில் கட்டையை அழுத்தினால், முதல் நாளிலேயே சுரம் சரியாகப் பிறக்கும். நம் நாட்டவர்க்கு அக்கட்டைகள் புதியனவும் அல்ல. பஜனை மடங்களிலும் நாடக மேடைகளிலும் ஆர்மோனியம் வழியாக அவை நம் கண்ணுக்குப் பழகியவையே. பியானோவின் 88 கட்டைகளில் 52 வெள்ளை, 36 கருப்பு; ஏழு வெள்ளையும் ஐந்து கருப்புமாக ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. பன்னிரண்டு கட்டைகளை அறிந்தவர் முழுப் பலகையின் வரைபடத்தையும் அறிந்தவராவார்.

கருநாடக இசையைக் கேட்டு வளர்ந்த வாசகர்களுக்கு இன்னுமொரு வாசல் திறந்திருக்கிறது. 'சி' என்னும் வெள்ளைக் கட்டையைச் சட்ஜமாகக் கொண்டு, வெள்ளைக் கட்டைகளிலேயே மேலே சென்றால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் வரிசையாகக் கிடைக்கும். மேலைநாட்டார் 'மேஜர் ஸ்கேல்' என்பது இதனையே. அதே இடத்திலிருந்து ரிஷபத்தையும் தைவதத்தையும் மட்டும் அவற்றிற்கு இடப்புறமுள்ள கருப்புக் கட்டைகளுக்கு மாற்றினால், சரளி வரிசை பழகும் மாயாமாளவகௌளை. கமகத்தின் குழைவை மட்டும் பியானோ தராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே அதற்கு வழி இல்லை. அதை ஏற்றுக்கொண்டு பழகினால், இந்தக் கருவி தரும் வேறொரு செல்வம் புலப்படும். அதுவே பல சுரங்கள் ஒரே நேரத்தில் இணைந்து ஒலிக்கும் இசைவு.

நம் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. அண்ணனுடன் ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்த இளையராஜா, மேலை இசையை அதன் எழுத்து முறையோடு பயிலத் தொடங்கியது, 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்தபின், தன்ராஜ் மாஸ்டரிடம். அப்போது அவர் இருபதுகளின் நடுப்பகுதியைக் கடந்துகொண்டிருந்தார். அவருடைய மேதைமையை நம்முடன் ஒப்பிட வேண்டியதில்லை. இசைக் குறியீட்டைப் படிக்கக் குழந்தையாக இருந்தாக வேண்டும் என்னும் விதி எதுவும் இல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. வலக்கை ஒன்று செய்ய, இடக்கை வேறொன்று செய்ய வேண்டும். தட்டச்சில் லோயரும் ஹையரும் தேறியவர்களுக்கு, பார்க்காமலே விரல் தன் இடத்தை அறியும் என்பது தெரியும்; ஆனால் அங்கே எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கே இரு கைகளும் இரு வேறு வரிகளை ஒரே நேரத்தில் சொல்லியாக வேண்டும். முதல் சில மாதங்கள் இது எவரையும் சோர்வடையச் செய்யும். அதைவிடப் பெரிய இடர், வளர்ந்தவரின் செவி. நாற்பது ஆண்டுகளாக நல்ல இசையைக் கேட்ட செவி அது. தம் கை எழுப்பும் ஒலிக்கும் தம் செவி எதிர்பார்க்கும் ஒலிக்கும் உள்ள தொலைவை அது நாள்தோறும் எடுத்துக்காட்டும். குழந்தைக்கு இந்த வெட்கம் இல்லை. வளர்ந்தவர்கள் பாதியில் நிறுத்துவதற்கு, விரல் வளையாமையைவிட இந்த வெட்கமே பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம். அதே செவிதான், பிழை எங்கே என்பதை ஆசிரியர் சொல்லும் முன்பே கண்டுகொள்ளும் துணையும் ஆகிறது. ஒவ்வொரு கையையும் தனித்தனியே, மிக மெதுவாகப் பழகிப் பின்பு இணைக்கும் பொறுமையும் வளர்ந்தவர்க்கே கூடுதலாக உண்டு.

அடுத்தது நேரம். நாள்தோறும் 20 நிமிடம், ஆண்டில் 300 நாள் எனக் கொள்வோம். 6,000 நிமிடம், அதாவது 100 மணி நேரம். 45 வயதில் தொடங்குபவர் 60இல் ஓய்வு பெறும்போது 1,500 மணி நேரப் பழக்கத்துடன் வீடு திரும்புவார். "ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் அன்றுதான் முதற்கட்டையைத் தேடுவார். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அமர்ந்தாலும் ஏறத்தாழ அதே மொத்தம் வரும். பலன் அதே அளவில் வாராது. இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகக் கற்பதே நினைவில் நிற்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டிலேயே தம் ஆய்வில் எழுதினார். மாதந்தோறும் தவறாமல் கட்டும் தொடர் வைப்புக் கணக்கு வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இனிப் பணம். இங்கேதான் பலர் வரிசையை மாற்றிவிடுகின்றனர். கருவியை முதலில் வாங்கி, கற்றலைப் பின்னர்த் தேடுகின்றனர். 1700ஆம் ஆண்டையொட்டி ஃபுளோரன்ஸ் நகரில், மெடிச்சி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பராமரித்துவந்த பார்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய பியானோவின் சிறப்பு, விரலின் அழுத்தத்திற்கேற்ப மெல்லவும் உரக்கவும் ஒலிப்பதே. இன்றும் மரப் பியானோவின் உள்ளே ஏறத்தாழ 230 கம்பிகள் பல டன் இழுவிசையில் நிற்கின்றன. மும்பை, கொல்கத்தா, கொச்சி போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில், மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது, கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது. ஆண்டிற்கு இருமுறையேனும் சுருதி சேர்க்க வேண்டும். அதற்குத் தேர்ந்தவர் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. பழைய மரப் பியானோவை மலிவாகப் பெற்றவர், பின்னர்ப் பழுதுபார்ப்பதில் அந்த மலிவை இழக்கக்கூடும்.

ஆகவே தொடக்கத்திற்கு மின்னணுக் கருவியே போதும். 61 கட்டைகள் கொண்ட எளிய கீபோர்டு, ஆர்வம் நிலையானதா என்று அறிய உதவும். ஆனால் அதன் கட்டைகள் பெரும்பாலும் எடையற்றவை; அழுத்தத்தின் நுட்பத்தை அவை கற்றுத்தாரா. பழக்கம் நிலைத்தபின், எடையுள்ள 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவிற்கு மாறலாம். காதில் ஹெட்ஃபோன் அணிந்து வாசிக்கலாம் என்பதால், அடுக்ககத்தில் அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடாது.

கடன் வழங்குவது எங்கள் தொழில். இருந்தும் சொல்கிறோம்: கற்கத் தொடங்கும் முன் கருவிக்காகக் கடன் வாங்காதீர்கள். எடுத்துக்காட்டாக, 3 லட்சம் ரூபாயை ஆண்டிற்கு 12 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 9,960 ரூபாய். மொத்த வட்டி மட்டும் ஏறத்தாழ 58,700 ரூபாய். ஆறாம் மாதத்தில் பழக்கம் நின்றுபோனாலும் தவணை நிற்காது. மாறாக, எளிய கீபோர்டில் பழகிக்கொண்டே மாதம் 2,500 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டால், 20 மாதங்களில் 50,000 ரூபாயும் அதன் வட்டியும் சேரும். அதற்குள் உங்கள் ஆர்வமும் தன்னை மெய்ப்பித்திருக்கும். ஒருவேளை ஆர்வம் குறைந்துவிட்டாலும் சேமிப்பு கையில் இருக்கும்.

வகுப்புக் கட்டணத்திலும் இதே எச்சரிக்கை தேவை. ஓராண்டிற்கு முன்கூட்டியே செலுத்தினால் தள்ளுபடி என்பர்; தொடக்கத்தில் மாதந்தோறும் செலுத்துவதே நன்று. 'முப்பது நாளில் பியானோ' என்னும் விளம்பரங்களை, விரைவில் பணம் இரட்டிப்பாகும் என்னும் விளம்பரங்களோடு ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம். வளர்ந்தவர்களுக்குக் கற்பித்த அனுபவம் உண்டா என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். 1915இல் தொடங்கிய கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக் முதல் 2008இல் சென்னையில் தோன்றிய கே.எம். இசைக் கல்லூரி வரை, நாட்டின் பல நகரங்களில் முறையான பயிற்சி கிடைக்கிறது. தேர்வு எழுத விரும்புவோருக்கு டிரினிட்டி கல்லூரி, ஏபிஆர்எஸ்எம் ஆகிய லண்டன் அமைப்புகள் இந்தியாவில் நடத்தும் எட்டு நிலைத் தேர்வுகள் உள்ளன. அவற்றிற்கு வயது வரம்பு இல்லை. தேர்வே வேண்டாம் என்று பழகுவதிலும் குறையொன்றும் இல்லை.

"சரி, இதனால் என்ன பயன்?" என்னும் வினா இறுதியில் எழும். வருமானம் வரும் என்று நாம் சொல்லமாட்டோம், பெரும்பாலோர்க்கு வாராது. ஆனால் பணி ஓய்வு பெறும் வாடிக்கையாளர்கள் பலரை நாங்கள் காண்கிறோம். ஓய்வூதியம், வைப்புத்தொகை, காப்பீடு என யாவும் ஒழுங்காக இருக்கும். நாளின் நீண்ட பொழுதை என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஏற்பாடு இருக்காது. பணத்திற்கு முப்பது ஆண்டுத் திட்டம் வகுத்தவர், பொழுதிற்கு ஒரு நாள் திட்டமும் வகுக்கவில்லை. அந்தத் திறன்களை ஓய்வு பெற்ற மறுநாள் கடையில் வாங்க முடியாது. முன்கூட்டியே, சிறுகச் சிறுகச் சேர்த்திருக்க வேண்டும். குறிப்பாக, குடும்பத்தின் தேவைகளையெல்லாம் முதலில் வைத்துத் தம் விருப்பத்தைக் கடைசி வரிக்கு ஒதுக்கிய பெண்களுக்கு, அந்த வரியை மேலே கொண்டுவர உரிமை உண்டு என்பதை வீட்டிலுள்ள மற்றவர்களும் உணர வேண்டும்.

பியானோவே வேண்டும் என்பதில்லை. வீணையோ மிருதங்கமோ ஒரு புதிய மொழியோ ஆகலாம். எதுவாயினும், கருவியைத் தள்ளிவைக்கலாம். கற்றலைத் தள்ளிவைக்க வேண்டாம். அடுத்த மாத வரவு செலவுத் திட்டத்தை எழுதும்போது, பிள்ளைகளின் கட்டணத்திற்குக் கீழே உங்கள் பெயரிலும் ஒரு வரி எழுதுங்கள். அதற்கு எதிரே ஒரு சிறு தொகையையும், நாள்தோறும் 20 நிமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.