பொன்னாடையைக் குறையுங்கள், பிள்ளைகளுக்கு வழிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீராங்கனைகளை நேரில் பார்த்தால்தான் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆசை வரும் என்று எழுதியிருந்தீர்கள். முற்றிலும் உண்மை. 2019-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று, இந்திய மகளிர் லீக் கால்பந்துக் கோப்பையைக் கொண்டுவந்தது எங்கள் பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி.தான். அதில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் போலீஸ் எஸ்.ஐ.யும்கூட என்று சொன்னதிலிருந்து என் பேத்திக்குப் பந்துதான் எல்லாம்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த கால்பந்து ரசிகர் சந்திப்புக்கு, இரண்டு பஸ் மாறி அவளை அழைத்துப் போனேன். பொன்னாடை போர்த்தவே ஒன்றரை மணி நேரம் போயிற்று. பிறகு செல்ஃபிக்கு ஒரே தள்ளுமுள்ளு. கோடு போட்ட நோட்டில் தன் பெயரை எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தாள் பிள்ளை. ஒரு வீராங்கனை இவளைப் பார்த்துக் கை நீட்டினார். அதற்குள் வேனில் ஏற்றிவிட்டார்கள். திறந்த பேனாவை மூடாமலே வீடு வந்து சேர்ந்தாள்.

இனி நடத்துபவர்கள் முதல் அரைமணி நேரத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்க வேண்டும். ஒரு மேசை, வரிசைக்கு ஒரு கயிறு போதும். காரியாபட்டி, திருச்சுழி வட்டாரப் பள்ளிகளுக்கும் முன்கூட்டியே தகவல் சொன்னால் நல்லது.

– வாசகர், மல்லாங்கிணறு, விருதுநகர் மாவட்டம்.