ஒரு மீட்டர் ஷேல் எங்கே போனது?

வட கடலில், நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் கிடைக்கும் எரிவாயுவில் ஏறக்குறைய 9 சதவீதம் கரியமில வாயு. அதைப் பிரித்தெடுத்து, கடலடியில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் உள்ள உட்சிரா மணல் அடுக்குக்குள் செலுத்தும் பணி 1996இல் தொடங்கியது. இருநூறு மீட்டருக்கு மேல் தடிமன், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் துளைவெளி. மாடல் போடுகிறவருக்கு இதைவிட எளிய பாறை வாய்க்காது என்றே தோன்றும்.

1999இல் எடுத்த சைஸ்மிக், வாயு ஒன்பது அடுக்குகளாகப் பிரிந்து பரவியிருந்ததைக் காட்டியது. இடையிடையே அதைத் தடுத்து நிறுத்தியவை பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமனுள்ள ஷேல் படலங்கள். கிணறுகளின் காமா கதிர் லாக்கில் அவை முன்பே கூர்முனைகளாகப் பதிந்திருந்தன. வாயு போவதற்கு முன் எடுத்த சைஸ்மிக்கில் தெரியாத அளவுக்கு மெல்லியவை. ஒரு கிணற்றில் கண்டதை அடுத்த கிணற்றில் இன்னதென்று இனங்காண்பதும் கடினம்.

நம் ஸ்டாட்டிக் மாடல்களில் இத்தகைய ஷேல் காணாமல் போகும் இடம் அப்ஸ்கேலிங். பத்து மீட்டர் உயரமுள்ள ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். ஒன்பது மீட்டர் மணல், ஊடுருவுதிறன் 1,000 மில்லிடார்சி. ஒரு மீட்டர் ஷேல், 0.001 மில்லிடார்சி. கூட்டுச் சராசரி 900. கிடைமட்ட ஓட்டத்துக்கு அது சரி. செங்குத்து ஓட்டத்துக்கு இசைச் சராசரி எடுத்தால் 0.01. அதே செல், அதே பாறை, தொண்ணூறாயிரம் மடங்கு வித்தியாசம். 900ஐயே இரு திசைக்கும் வைத்துவிட்டு, பிறகு உற்பத்தி வரலாறு பொருந்தவில்லை என்றதும் வயல் முழுக்கச் செங்குத்து ஊடுருவுதிறனைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பதைத் தொடர்ந்து பார்க்கிறோம். அது புவியியலைக் கொன்றுவிட்டுச் செய்யும் வைத்தியம்.

அதற்காக 0.01ஐ நம்பிவிடவும் முடியாது. ஷேல் செல்லின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அறுபடாமல் போகிறது என்ற அனுமானம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்லைப்னரில் மூன்றே ஆண்டுகளில் வாயு மேல் அடுக்கை எட்டிவிட்டது. படலங்களில் எங்கோ வழி இருந்திருக்கிறது. ஷேல் எவ்வளவு தூரம் நீள்கிறது, எங்கே அரிக்கப்பட்டது என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. அமைதியான கடலடியில் படிந்த களி கிலோமீட்டர் கணக்கில் நீளும். ஆற்று வாய்க்காலுக்குள் படிந்த களியோ அடுத்த வெள்ளத்தில் அறுந்துபோயிருக்கும். கோர் பெட்டியைத் திறந்து, அந்தச் சாம்பல் நிறப் பட்டையின் மேல்விளிம்பு படிப்படியாக மணலாகிறதா, கத்தி வைத்ததுபோல் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்தவர்தான் இதில் வாய் திறக்க முடியும். வேரியோகிராமின் வீச்சை மென்பொருள் கொடுத்த எண்ணிலேயே விட்டுவைக்கும் மாடலில் அவருக்கு இடமே இல்லை. இது எங்களுக்கு உண்மையான வருத்தம்.

எனவே அடுத்த இதழ் முதல், ஸ்டாட்டிக் மாடல் பற்றிய ஒவ்வொரு கட்டுரையிலும் இரண்டு விவரங்களைக் கேட்கிறோம். செல் உயரத்தைவிட மெல்லிய எந்த அடுக்குகள் லாக்கிலும் கோரிலும் தெரிந்தன? அவற்றின் நீளத்தை எந்தப் படிவுச் சூழலை வைத்து முடிவு செய்தீர்கள்? கோர் படம் இருந்தால், அளவுகோலோடு சேர்த்து அனுப்புங்கள்.