உலக்கையும் பாட்டும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

நாட்டுப்பாடல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கல்லூரி ஆண்டு விழா மேடைதான். கண்டாங்கிச் சேலை, தலையில் முண்டாசு, ஒலிபெருக்கியில் ஒரு திரைப்பாட்டு! கைதட்டல் ஓய்ந்ததும் பாட்டும் மறந்துபோகிறது. இதனை நாட்டுப்பாடல் மீது கொண்ட காதல் என்று நான் ஏற்கமாட்டேன்.

நானும் அப்படி இருந்தவன்தான். வேலை செய்யும்போதெல்லாம் என் அப்பாயி ஏதாவது பாடிக்கொண்டே இருப்பார். நண்பர்கள் வந்துவிட்டால், "சும்மா இரு அப்பாயி" என்று அடக்குவேன்.

முதலாண்டில் ஒருநாள் தமிழ் வகுப்பில் சிலப்பதிகார வாழ்த்துக் காதை நடந்தது. வள்ளைப் பாட்டு என்பது பெண்கள் உலக்கையால் குற்றும்போது பாடுவது என்றார் பேராசிரியர். எனக்குச் சுருக்கென்றது. இளங்கோவடிகள் காப்பியத்தில் இடம் தந்த பாட்டு வகையை அல்லவா நான் வீட்டில் வாய்மூட வைத்திருந்தேன்!

அன்று மாலையே கைப்பேசியுடன் அப்பாயி முன் அமர்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பாட அவருக்கு வரவில்லை. "உலக்கையக் கையில குடு ராசா, பாட்டு தானா வரும்" என்றார். கொல்லையில் கிடந்த உரலைக் கழுவிக் கொடுத்தேன், பாட்டு வந்தது. இருவர் மாறி மாறிக் குற்றும்போது உலக்கைகள் மோதிக்கொள்ளாமல் காத்தது அந்தப் பாட்டின் தாளமே என்பதும் புரிந்தது. "கையெல்லாம் காய்ச்சுப் போயிருந்துச்சு. மில்லு வந்தது நல்லதுதான்" என்றும் அவரே சொன்னார். உண்மை. அந்தப் பாடு ஒழிந்தது நல்லதே. ஆனால், பாட்டைக் கேட்க ஆளில்லாமற் போனதும் நல்லதா?

ஆங்கில அதிகாரியான பெர்சி மெக்வீன் திரட்டிய தமிழ் நாட்டுப்பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-இல் தஞ்சை சரசுவதி மகால் 'மலையருவி'யாக வெளியிட்டது. கடல் கடந்து வந்தவர் காதில் விழுந்த பாட்டு, கூடத்தில் இருக்கும் பேரன் காதில் விழவில்லையென்றால் குறை யாருடையது?

நண்பர்களே! இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் ஒரு பாட்டைக் கேளுங்கள். எந்த வேலையில், யாரோடு பாடினார் என்பதையும் எழுதி வையுங்கள். பாடியவரின் பாட்டை அறிந்தால் பாடலின் மீது அன்பு தானே பிறக்கும். அவர் பாடுவதற்கு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.