துலாக்கோலும் நாவும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். 2012இல் ஆடவர் இருவர் தம் மணவிழாவுக்குக் கேக் கேட்டனர். சமயக் கொள்கை காட்டி மறுத்தார் கடைக்காரர். முறையீடு எழுந்தது. குடிமை உரிமை ஆணையமும், மாநில மேல்முறையீட்டு மன்றமும் மணமகன்கள் பக்கமே நின்றன. 2018இல் உச்சநீதிமன்றமோ, 7-க்கு 2 என அம்முடிவைத் தகர்த்தது!

ஏன்? எக்கடையும் எவரையும் விரட்டலாம் என்றா? அன்று! ஆணையத்தில் அமர்ந்தோர் சிலர் கடைக்காரரின் சமயத்தை இகழ்ந்துரைத்தனர். நடுவுநிலை பிறழ்ந்தது என்பதே காரணம்.

தோழர்களே! வழக்கிலே வலுவிருந்தது; வாய்க்குத்தான் காவலில்லை. துலாக்கோல் பிடித்தவர் தூற்றத் தொடங்கினால் தோற்பவர் யார்? கடைவாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவரே! சமத்துவத்துக்குச் சட்டம் சமைப்பது பாதி வெற்றி. காய்தல் உவத்தலின்றி அதனை நடத்துவதே மீதி வெற்றி.